நாலாயிரம் போனது, எண்ணூறு வந்தது

“கரண்ட் திருட்டு” என்றாள் வந்தவள்.

டயர் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தில் மீட்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கரண்ட் திருட்டு என்றால் அவளுக்கு வெல்லம். பதினாலு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துக் கணக்கெடுத்தவள். எந்த வீட்டில் மீட்டர் பொய் சொல்கிறது, எந்த வீட்டில் ஆள் பொய் சொல்கிறார் என்று வாசற்படியிலேயே சொல்லிவிடுவாள். அந்தத் திறமையை வீணாக்க மனசில்லாமல்தான் வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள்.

“எந்த வீட்டுல?” என்றாள்.

“வீட்டுல இல்லைங்க. கேம்ல.”

மூலையில் பேனாவைத் திறந்து வைத்திருந்த சுருக்கு அதை மூடினான். “அண்ணி, வீட்டுல பேய் இருக்குன்னு போன வாரம் ஒருத்தர் வந்தாரே, அவரே தேவலை. பேய் இல்லாட்டியும் வீடாவது நிஜமா இருந்துச்சு.”

சுருக்கு மீட்டரம்மாவின் கொழுந்தன். மூன்று வேலைகளில் சேர்ந்து மூன்றையும் வாயாலேயே தொலைத்தவன். எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது என்பதால் குடும்பமே சேர்ந்து வைத்த பெயர் அது.

“வாயை மூடு, பேனாவைத் திற” என்றாள் மீட்டரம்மா. “நீங்க சொல்லுங்கம்மா.”

வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். நில அளவையர். கால்சட்டை முட்டியில் காய்ந்த மண், பைக்குள் அளவு நாடா, கண்ணில் நாலு நாள் தூங்காத சிவப்பு.

“மண்ணைத் தோண்டணும், வீடு கட்டணும், ஊரை உண்டாக்கணும். அவ்வளவுதான் அந்த கேம். ஜெயிக்கிறது தோக்கிறதெல்லாம் கிடையாது. நானும் எங்க அண்ணனும் பதினஞ்சு வருஷமா ஒரே ஊரைக் கட்டிக்கிட்டு இருக்கோம். அண்ணன் பல் டாக்டர். கிளினிக்குக்குப் பின்னாடி ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. எங்க ஊர் அதுக்குள்ளதான் இருக்கு.”

“ஊர், பல் ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கு” என்று சுருக்கு எழுதிக்கொண்டான். “தபால்காரர் பாவம்.”

“நான் கட்டிக்கப் போறவர் லிஃப்ட் மெக்கானிக். ரெண்டு மாசம் முன்னாடி அவரையும் கேமுக்குள்ள சேர்த்தோம். வந்த வேகத்துல ஆத்தங்கரையில ஒரு நீராவி மின்நிலையம் கட்டினார். வரப்போற மச்சானுக்குப் பரிசாம். இப்ப அதுலேர்ந்துதான் அண்ணன் ஊருக்குக் கரண்ட். அனுப்புற இடத்து மீட்டர்ல நாலாயிரம் காட்டுது. வந்து சேர்ற இடத்து மீட்டர்ல எண்ணூறு காட்டுது. மிச்சத்தை அவர் நடுவுல உருவிக்கிறார்னு அண்ணன் சொல்றார். ‘இல்லாத கரண்டையே திருடுறவன் கையில இருக்கிற தங்கச்சியை எப்படிக் குடுக்கிறது’ன்னு கேக்கிறார்.”

“கேள்வி என்னமோ நல்லாத்தான் இருக்கு” என்றான் சுருக்கு. அண்ணி பார்த்த பார்வையில் குனிந்து எழுதத் தொடங்கினான்.

“உங்காளு என்ன சொல்றார்?”

“‘நான் பாக்கும்போதெல்லாம் ஆயிரம் வருது. எண்ணூறுன்னு உங்க அண்ணன்தான் புளுகுறார்’ங்கிறார். நாலு நாளா ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. இன்னிக்கு ஆறு மணிக்கு அண்ணன் மாப்பிள்ளையோட அம்மாவுக்கு போன் போட்டு கல்யாணம் வேண்டாம்னு சொல்லப் போறார்.”

“அண்ணன் வேண்டாம்னா நீங்க விட்டுடுவீங்களா?”

“நான் விட மாட்டேன். ஆனா அவர் விட்டுடுவார். ‘திருடன்னு சொன்ன வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன். அந்தப் பேரைத் துடைச்சாத்தான் கல்யாணம்’னுட்டார்.” அவள் அளவு நாடாவின் நுனியை இழுத்து இழுத்து விட்டாள். “வெளிய சொன்னா சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரலைங்க.”

மீட்டரம்மாவும் சிரிக்கவில்லை. “நாலாயிரம் காட்டுற மீட்டரும் எண்ணூறு காட்டுற மீட்டரும் ஒரே வகையா?”

“இல்லை. அவரோடது நீராவி மோடு, அண்ணனோடது காந்த மோடு. மோடுன்னா, கேமை உண்டாக்கினவங்க இல்லாம வேற யாரோ செஞ்சு கூட ஒட்டுற சாமான். அந்தக் கரண்டை இந்தக் கரண்டா மாத்த நடுவுல ஒரு கன்வெர்ட்டர் பெட்டி இருக்கு.”

“ரெண்டு சம்பந்திக்கும் நடுவுல ஒரு தரகர்” என்றான் சுருக்கு. “எனக்கு அவர் மேலதான் சந்தேகம்.”

மீட்டரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். “வாடா. முதல்ல தரகரைப் பார்ப்போம்.”

*

பல் கிளினிக்கின் முன்னறையில், நோயாளிகளுக்கான பத்திரிகைகளை ஓரம் பிசகாமல் அடுக்கிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். பல் டாக்டருக்கும் நில அளவையருக்கும் அப்பா. முப்பத்தைந்து வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்தியவர். கால் கிலோவில் கால் கிராம் குறைந்தாலும் கடைக்காரர் குலைநடுங்குவார். ஓய்வு பெற்றபின் காலையில் கிளினிக்கில் சீட்டுக் கொடுப்பார், இரண்டு மணிக்கு மாடி வீட்டுக்குப் போய்க் குட்டித் தூக்கம் போடுவார்.

“அந்தக் கண்றாவி கேம் விஷயமா வந்தீங்களா?” என்றார். “இல்லாத ஊரு, இல்லாத கரண்டு. எத்தனை வருஷமாத் திட்டறேன், கேட்டாத்தானே? இதுக்குத் துப்பறியறவங்க வேற.”

“நாங்களும் பாதி இல்லாதவங்கதான் ஐயா” என்றான் சுருக்கு. “பல பேர் எங்களை நம்பறதே இல்லை.”

“எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டுவீங்க?”

“தேவைப்படற வரைக்கும்” என்றாள் மீட்டரம்மா.

பெரியவர் மறுபடி பத்திரிகைகளை அடுக்கினார், ஏற்கெனவே சரியாக இருந்ததை.

உள்ளே பல் டாக்டர் ஒருவரின் வாயில் பாதிக் கையை விட்டிருந்தார். “ஒரு நிமிஷம்! ஊசி போட்டுட்டேன், மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள உங்க கேள்வியைக் கேளுங்க.”

நாற்காலியில் கிடந்தவர் “ஆ… ஊ…” என்றார்.

“அவருக்கு ஏதோ சொல்லணுமாம்” என்றான் சுருக்கு.

“வாயைத் திறந்தவங்க எல்லாருக்கும் ஏதாவது சொல்லணும். நான் யாரையும் கேக்கிறதில்லை.”

பின்னறையில் பல் அச்சுகளுக்கும் மருந்துப் பெட்டிகளுக்கும் நடுவே அந்தக் கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. திரையில் ஆறு ஓடியது. கரையில் புகை கக்கும் மின்நிலையம், அங்கிருந்து கம்பி, நடுவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதற்கப்புறம் பல் டாக்டரின் ஊர். எல்லாக் கட்டடமும் வெள்ளை, வரிசையாக, கொஞ்சம் இடைவெளி விட்டு.

“பல்லு மாதிரியே கட்டியிருக்கீங்க” என்றான் சுருக்கு.

“எல்லாரும் சொல்வாங்க.”

மீட்டரம்மா திரைக்கு முகத்தைக் கொண்டுபோனாள். “இந்தப் பக்கத்து மீட்டர்ல நாலாயிரம். பக்கத்துல என்ன எழுதியிருக்கு? பொறி. அந்தப் பக்கத்து மீட்டர்ல? துளி. ஏன் டாக்டர், பொறியும் துளியும் ஒண்ணா?”

“கரண்ட்னா கரண்ட்தானே!”

“பெட்டி மேல ஏதோ பொடி எழுத்து இருக்கே, படிச்சீங்களா?”

“அதை யார் படிப்பா?”

“உங்க மருந்துச் சீட்டைப் படிக்கிறவங்க படிப்பாங்க” என்று குனிந்த சுருக்கு, உரக்கப் படித்தான்: “நான்கு பொறிக்கு ஒரு துளி.”

“அவ்வளவுதான்” என்றாள் மீட்டரம்மா. “அவர் அங்குலத்துல சொல்றார், நீங்க அடியில சொல்றீங்க. பன்னிரண்டு அங்குலம் குடுத்தேன், ஒரு அடிதான் வந்துச்சு, பதினொண்ணைத் திருடிட்டான்னு கத்தினா எப்படி?”

“இதையேதான் அவனும் சொன்னான். திருடன் சொல்றதை நான் எதுக்கு நம்பணும்?”

“நம்ப வேண்டாம். என்னையும் நம்ப வேண்டாம், மீட்டரையும் நம்ப வேண்டாம். மீட்டர் பொய் சொல்லும். அடுப்பு சொல்லாது. கிடைக்கிற கரண்டுக்கு ஏத்த வேகத்துல கல்லை உருக்குற உலை ஏதாவது இருக்கா? இருந்தா பெட்டிக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வைங்க. ரெண்டுலயும் அறுபத்து நாலு கல்லைப் போடுங்க.”

பல் டாக்டர் வைத்தார். சுருக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். முதல் உலை ஒண்ணரை நிமிஷத்தில் முடித்தது. இரண்டாவது உலையும் ஒண்ணரை நிமிஷம்தான்.

“தரகர் யோக்கியர்” என்று சுருக்கு அறிவித்தான். “ஒரு பைசா கமிஷன் எடுக்கலை. உலகத்துலயே முதல் தடவை.”

உலைகளைக் கழற்றியதும் ஊர் மீட்டர் நிதானமாக ஒரு எண்ணைக் காட்டியது: ஆயிரம் துளி.

“நாலாயிரத்துல நாலுல ஒண்ணு ஆயிரம். வந்துடுச்சே!”

பல் டாக்டரின் முகம் மூன்று நிறம் மாறியது. “இல்லை! எண்ணூறுதான் வரும். நான் என்ன பொய்யா சொல்றேன்? நீங்க வர்றது தெரிஞ்சு திருப்பி விட்டுட்டான்!” அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு அட்டைகளை விசிறினார். நோயாளிகளுக்குத் தரும் தேதி அட்டைகள். பின்பக்கம் முழுக்கப் பொடிப் பொடியாகக் குறிப்பு. “ஒரு மாசக் கணக்கு. தேதி, நேரம், அளவு. எல்லாம் எண்ணூறு, எண்ணூறு, எண்ணூறு!”

மீட்டரம்மா அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரிப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு பத்து. இரண்டே முக்கால். மூன்றரை. மூன்று ஐம்பது.

“ஏன் எல்லாமே ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல?”

“அப்பதானே எனக்கு ஓய்வு? மத்த நேரமெல்லாம் ஊரார் வாயில இருக்கேன்.”

உள்ளேயிருந்து “ஆ… ஊ…” என்று சத்தம் வந்தது. பல் டாக்டர் ஓடினார். மீட்டரம்மா ஒரே ஒரு அட்டையை மட்டும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்க்க ஏழாவது மாடிக்குப் படியேற வேண்டியிருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதனால்தான் அவன் அங்கே இருந்தான். திறந்த கதவுக்குள், லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு, கையெல்லாம் கிரீஸ் பூசியிருந்தான்.

“லிஃப்ட் ஆளைப் பாக்க ஏழு மாடி ஏறி வந்திருக்கோம்” என்று சுருக்கு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். “பல் டாக்டரைப் பாக்கணும்னா பல்லு விழணும் போல.”

மெக்கானிக் சிரிக்கவில்லை. “அவர் அனுப்பினாரா?”

“நீங்க கட்டிக்கப் போற பொண்ணு அனுப்பிச்சா” என்றாள் மீட்டரம்மா.

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். “சாப்பிட்டாளா?”

“கேக்கலை. அழுதிருக்கா, அது தெரிஞ்சுது. ஒரே கேள்விதான் தம்பி. நீங்க எத்தனை மணிக்கு மீட்டர் பார்ப்பீங்க?”

“வேலை முடிஞ்சு, குளிச்சு, ஏழுக்கு மேல. தினமும் ஆயிரம் வருது. சத்தியமா.”

“ரெண்டு மணி, மூணு மணிக்கு?”

“அப்ப நான் இந்த மாதிரி ஏதாவது குழிக்குள்ள இருப்பேன். இதுக்குள்ள போன் எடுக்காது. வேணும்னா போட்டுப் பாருங்க.”

சுருக்கு போட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது.

மெக்கானிக் கீழே பார்த்தபடி பேசினான். “அம்மா, அந்த மின்நிலையத்தை நான் பத்து நாள் ஒக்காந்து கட்டினேன். அவங்க ஊருக்கு வெளிச்சம் போதலைன்னு அவ சொன்னா. அதுக்காகத்தான். எடுத்துக்கணும்னா எனக்கு அங்க என்ன இருக்கு, வீடா வாசலா?”

படியிறங்கும்போது சுருக்கு கேட்டான்: “அண்ணி, ஒருத்தர் ஆயிரம்கிறார், ஒருத்தர் எண்ணூறுங்கிறார். ரெண்டு பேரு மூஞ்சியும் பொய் சொல்ற மூஞ்சியா இல்லையே?”

“ரெண்டு பேரும் உண்மைதான்டா சொல்றாங்க. ஒருத்தர் பகல்ல பாக்கிறார், ஒருத்தர் ராத்திரியில பாக்கிறார். நான் மீட்டர் பார்த்த காலத்துல ஒரு வீடு இருந்துச்சு. நான் போறப்பல்லாம் சக்கரம் மெதுவா ஓடும். நான் தெரு திரும்பினதும் மாவு மெஷினைப் போடுவாங்க. திருடனைப் பிடிக்கணும்னா எவ்வளவு போச்சுன்னு கேக்கக் கூடாது. எப்பப் போச்சுன்னு கேக்கணும்.” அவள் மணி பார்த்தாள். “ஒண்ணே முக்கால். ஓடு!”

“ஏழு மாடி இறங்கிட்டு ஓடவா?”

“இறங்கிக்கிட்டே ஓடு.”

*

இரண்டு மணிக்குப் பெரியவர் கிளினிக் கதவில் ‘மூடப்பட்டுள்ளது’ பலகையை நேராக மாட்டி, ஒரு தடவை தள்ளி நின்று பார்த்து, கொட்டாவி விட்டபடி மாடிக்குப் போனார். பின்னறையில் மூன்று பேர் திரை முன் குந்தியிருந்தார்கள்.

இரண்டு ஐந்து. ஆயிரம்.

இரண்டு ஆறு. ஆயிரம்.

“ஒருவேளை திருடனுக்கு இன்னிக்கு லீவோ என்னவோ” என்று சுருக்கு சொல்லி முடிப்பதற்குள், எண் நழுவியது. ஆயிரம், தொள்ளாயிரத்து நாற்பது, எண்ணூற்று எழுபது. எண்ணூற்றில் வந்து நின்றது.

“பார்த்தீங்களா!” பல் டாக்டர் நாற்காலியிலிருந்து துள்ளினார். “நான் சொன்னேன்ல! திருடன்!”

“திருடன்தான். ஆனா உங்க மாப்பிள்ளை இல்லை. அவர் இப்ப போன் எடுக்காத குழிக்குள்ள இருக்கார். கேமுக்குள்ள இப்ப யார் யார் இருக்காங்க?”

பல் டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். இரண்டு பெயர்கள் வந்தன. ‘கடவாப்பல்’, ‘பூசணி’.

“கடவாப்பல் நீங்கன்னு சொல்லாமலே தெரியுது” என்றான் சுருக்கு. “பூசணி?”

“என் தங்கச்சியோட பழைய பேரு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இன்னும் அதான் இருக்கும். ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல வந்து விளையாடுவா. தினமும் இந்நேரத்துக்கு இருப்பா.”

மீட்டரம்மா போனை எடுத்தாள். “அம்மா, எங்க இருக்கீங்க?… வயல்ல, சரி. கேம்ல உங்க பேர் என்ன?… சங்கிலியா? பூசணின்னு ஒண்ணு…? ஓ. அது எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு?… அது இப்ப யார்கிட்ட இருக்கு?” கேட்டபடியே அவள் புருவம் மெல்ல ஏறியது. “நன்றிம்மா. வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வாங்க. அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க.”

போனை வைத்தாள்.

“யார்கிட்ட இருக்காம்?” என்றார் பல் டாக்டர்.

“அதைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. கம்பி பிடிச்சே போவோம். பெட்டிக்கும் உங்க மீட்டருக்கும் நடுவுல சுவரைத் தோண்டுங்க.”

கடவாப்பல் தோண்டியது. இரண்டாவது கல்லுக்குப் பின்னால், கல்லின் நிறத்திலேயே பூசப்பட்ட ஒரு மெல்லிய கம்பி கீழே இறங்கியது. அதன் பின்னாலேயே இவர்களும் இறங்கினார்கள். படிகள் ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் இருந்தன. ஐந்து படிக்கு ஒரு விளக்கு. ஆறாவது படியில் ஒன்று கூட இல்லை.

“ஐயோ, என்ன ஒரு ஒழுங்கான திருடன்!” என்றான் சுருக்கு.

கீழே ஒரு கூடம் வந்தது. சுவரோரமாகப் பெட்டிகள் அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகை. ‘கல். எண்ணிக்கை 64. சரி.’ ‘மரம். எண்ணிக்கை 64. சரி.’ கம்பி வந்து முடிகிற இடத்தில் பெரிய பலகை ஒன்று, நாலு பக்கமும் கோடு போட்டு: ‘ஒரு துளி = நான்கு பொறி. சோதித்துச் சரிபார்க்கப்பட்டது. முத்திரையிடப்பட்டது. அடுத்த ஆய்வு ஓராண்டுக்குப் பின்.’

பல் டாக்டரின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. கண்ணால் பார்த்ததை மூளை ஒத்துக்கொள்ளவில்லை.

“உங்களுக்கு ஒரு மாசமாப் புரியாத கணக்கு இது” என்றாள் மீட்டரம்மா. “திருடனுக்கு முதல் நாளே புரிஞ்சிருக்கு. இந்த வீட்டுல எதையாவது சோதிச்சா உடனே முத்திரை குத்துறவர் யார்?”

கூடத்தின் கோடியில் ஒரு ஆழமான குழி. அதன் விளிம்பில் ஒரு இரும்பு மேடை, பாதியில் தொங்கிக்கொண்டு. பக்கத்தில் பூசணிக்காய் தலையோடு ஒரு உருவம் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தது. அது திரும்பியது. கடவாப்பல்லைப் பார்த்தது. ஒரு கணம் இரண்டும் அசையவில்லை. அப்புறம் பூசணி பின்பக்கமாக ஓட்டம் பிடித்து, கால் தவறிக் குழிக்குள் விழுந்தது.

“ஐயோ!” என்று சத்தம் கேட்டது.

கம்ப்யூட்டரிலிருந்து இல்லை. தலைக்கு மேலே, மாடியிலிருந்து.

*

பெரியவரின் அறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. மூன்று தட்டுத் தட்டியபின் திறந்தது. கட்டிலில் போர்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது. மேசைமேல் மகள் இரண்டு வருஷம் முன்பு பேப்பர் படிக்கவும் சீட்டு ஆடவும் கொடுத்த பழைய கம்ப்யூட்டர். அவள் பூசணி என்ற பேரில் ஆடிய கேம் அதிலேயே இருந்திருக்கிறது, கடவுச்சொல்லோடு.

“அப்பா… நீங்களா?” என்றார் பல் டாக்டர். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. தொழிலில் இத்தனை வருஷமாக மற்றவர்களிடம் பார்த்த காட்சி.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உக்காருங்க” என்றார். யாரும் உட்காரவில்லை.

“அந்தப் பையன் முதல் தடவை நம்ம வீட்டுக்கு வந்தப்போ நான் கேட்டேன். ‘பட்டனை அமுக்கினா ஏறுது, அமுக்கினா இறங்குது. இதுல உனக்கு என்னப்பா வேலை?’ன்னு. எல்லாரும் சிரிச்சீங்க. அவனும் சிரிச்சான். அப்புறம் ராத்திரி படுத்தா எனக்குத் தூக்கம் வரலை. என்னைப் பாத்து ஒருத்தன், ‘கல்லைத் தூக்கித் தட்டுல வைக்கிறதுக்கு ஆபீசரா?’ன்னு கேட்டா நான் சும்மா இருந்திருப்பேனா? சரி, ஒரு லிஃப்டைச் செஞ்சுதான் பாப்போமேன்னு எறங்கினேன்.” திரையில் தொங்கிய மேடையைப் பார்த்தார். “ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு மாடி ஏறலை. கரண்டை மட்டும் குடிக்குது.”

“ரெண்டு மாசமா எங்களோட விளையாடிக்கிட்டே, எங்களைத் திட்டிக்கிட்டும் இருந்தீங்களா?”

“அதனாலதான்டா சொல்ல முடியலை. இத்தனை வருஷம் திட்டிட்டு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?”

“அண்ணி,” சுருக்கு காதோரம் கிசுகிசுத்தான், “எடை ஆபீசர் எடுத்தது இருநூறு துளி. கால் கிராமுக்குக் கடைக்காரனை நடுங்க வெச்சவர்.”

 மீட்டரம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நில அளவையர் எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. செருப்பில் வயல் சேறு. அவளுக்குப் பின்னால், படிக்கட்டிலேயே, கிரீஸ் கையோடு மெக்கானிக். வாசற்படியை அவன் தாண்டவில்லை.

“என் ரூமும் உங்க ரூமும் ஒரே சுவர்தானேப்பா?” என்றாள் அவள். “நாலு நாளா நான் அழுதது கேக்கலையா?”

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“கேட்டுது” என்றார்.

சுருக்கு பேனாவை மூடினான்.

பெரியவர் எழுந்து வாசலுக்குப் போனார். படிக்கட்டில் நின்றவன் முன் நின்றார். “தம்பி, எடுத்தது நான். பழியை உன் மேல விழ விட்டதும் நான்தான். முப்பத்தஞ்சு வருஷம் ஊரார் தப்பைத் தேடினவன். என் தப்புன்னு வந்தப்போ ஒளிஞ்சுக்கிட்டேன். மன்னிக்கணும்னு கேக்கலை. உள்ள வான்னு கேக்கிறேன்.”

மெக்கானிக் அவரைப் பார்த்தான். அப்புறம் அவர் தோளுக்கு மேலே திரையைப் பார்த்தான். அவன் புருவம் சுருங்கியது.

“மாமா… எதிர் எடை எங்க?”

“என்ன எடை?”

“லிஃப்ட் ஏறும்போது இன்னொரு பக்கம் ஒரு எடை இறங்கணும். அது பாதிப் பாரத்தைத் தாங்கிக்கும். நீங்க மொத்தப் பாரத்தையும் வெறும் கரண்டால தூக்கப் பாக்கறீங்க. பின்ன குடிக்காம?” அவன் தன்னையறியாமல் உள்ளே வந்துவிட்டிருந்தான். “ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான்…”

“தராசு!” என்றார் பெரியவர். நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். “அட மடையா, தராசுதானே இது! முப்பத்தஞ்சு வருஷம் அதைக் கையில வெச்சிருந்தேனே!”

இருவரும் திரை முன் உட்கார்ந்தார்கள். நாற்காலி ஒன்றுதான், மெக்கானிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான், போர்வையில் கிரீஸ் பட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை. இரும்புக் கட்டிகளை அடுக்கி, சங்கிலி மாட்டி, உருளை வைத்து நாலரை மணிக்கு மேடை அசைந்தது. ஒரு மாடி ஏறியது. இரண்டு. பெரியவர் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரிக் கத்தினார். இருநூறு குடித்த லிஃப்ட் நாற்பது துளியோடு அடங்கியது.

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். “மாப்பிள்ளை… நான் அந்த அளவு விஷயத்தைப் படிச்சிருக்கணும். திருடன்னு சொன்னது தப்பு. உன் வாயை ஒரு தடவை இலவசமாப் பாக்கறேன்.”

“என் பல்லு நல்லா இருக்கு மச்சான்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

“டாக்டர், ஆறு மணி போன்?” என்றாள் மீட்டரம்மா.

“போன் பண்ணுவேன். கல்யாணத்தைச் சீக்கிரம் வெச்சுக்கலாமான்னு கேக்க.”

“அதுக்கு என்ன அவசரம்?”

“அவன் வந்தா அப்பா என்னைத் திட்டறதைக் குறைச்சுப்பார்.”

மீட்டரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டாள். சுருக்கு நகரவில்லை, மூன்றாவது மாடியில் மேடை கொஞ்சம் சாய்வதைச் சுட்டிக்காட்டி யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அவர்கள் படியிறங்கும்போது, மகள் இன்னும் அறை வாசலில்தான் நின்றிருந்தாள். பெரியவர் திரையிலிருந்து மெல்லத் திரும்பினார்.

“இன்னும் கோவமாம்மா?”

“ஆமா.”

“எவ்வளவு நாளைக்கு?”

“தெரியலை. அளந்து சொல்றேன்” என்றாள். பிறகு சேற்றுச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையில், அப்பாவின் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்தாள்.